மாசாய் மாராவா, செரெங்கெட்டியா? அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு

கிழக்கு ஆப்பிரிக்கா போய்ட்டு வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: "மச்சி, மாசாய் மாரா போகலாமா, செரெங்கெட்டி போகலாமா?" ஆபீஸில் காலை ஸ்டாண்டப் முடிந்த கையோடு ஒருத்தர் இதைக் கேட்டார். மேப்பை ஜூம் பண்ணிப் பாருங்க, இரண்டும் ஒரே புல்வெளி. நடுவில் கென்யா, தான்சானியா எல்லைக்கோடு போகிறது, அவ்வளவுதான். தெற்கே இருக்கிற பெரிய துண்டு செரெங்கெட்டி தேசியப் பூங்கா, சுமார் 14,750 சதுர கிலோமீட்டர். வடக்கே இருக்கிற சின்னத் துண்டு மாசாய் மாரா ரிசர்வ், சுமார் 1,510. வில்டபீஸ்ட் கூட்டம் இந்தக் கோட்டைக் கண்டுகொள்வதே இல்லை. நமக்குத்தான் ரெண்டு நாட்டு நுழைவு அனுமதி. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் புல்வெளி வழியாகவே வண்டியில் போய்விடவும் முடியாது, சுத்திப் போய் எல்லைச் சாவடி வழியாகத்தான் போகணும்.

வில்டபீஸ்ட் தெரியாதவர்களுக்கு: மாட்டுத் தலை, குதிரை வால், ஒல்லிக் கால், தாடி. பார்க்க அழகில்லைதான். ஆனால் சுமார் 13 லட்சம் உருப்படி, கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரையும் கெசல் மானும். "கிரேட் மைக்ரேஷன்" என்றதும் நம்ம மனசுக்கு வருவது ஆற்றுக்குள் குதிப்பது, முதலை இழுப்பது, அந்த ரீல்ஸ்தான். அது ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கு செரெங்கெட்டியிலும் மாராவிலும் நடக்கிற ஒரு பகுதி மட்டும். முழுக்கதை வருஷம் பூரா சுத்துகிற ஒரு லூப். இதுக்கு எக்ஸிட் கண்டிஷனே கிடையாது.

ஜனவரி முதல் மார்ச் வரை கூட்டம் தெற்கே, என்டுட்டு பக்கம் குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். அங்கே சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் பிறக்கின்றன. பிறந்த சில நிமிஷத்தில் எழுந்து ஓடுகின்றன. ஏன் அங்கே? பக்கத்து எரிமலைகள் காலங்காலமாக கக்கிய சாம்பல் படிந்த மண் அது. அதில் முளைக்கிற புல்லில் பாஸ்பரஸும் கால்சியமும் அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு அது வேணும். ஆனால் மழை நின்றதும் அங்கே தண்ணீர் இருக்காது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் மேற்கும் வடக்கும் பார்த்து நடை. ஜூன் வாக்கில் குருமெட்டி ஆறு, அப்புறம் மாரா ஆறு, நவம்பரில் மழையைத் தொடர்ந்து மறுபடி தெற்கு. தேதி யாரும் சொல்ல முடியாது, மழைதான் ஷெட்யூலர். "ஆகஸ்ட் 12 கிராசிங் கேரண்டி" என்று யாராவது பேக்கேஜ் விற்றால், தயவுசெய்து வேற ஆளைப் பாருங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். இந்த 13 லட்சம் ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வருகிற எண்ணிக்கை இல்லை. 1960களின் தொடக்கத்தில் அது சுமார் இரண்டரை லட்சம்தான். 1890களில் ரிண்டர்பெஸ்ட் என்ற நோய், நம்ம கால்நடை மருத்துவர்கள் வெக்கை நோய் என்பார்களே அதுதான், ஆப்பிரிக்காவில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மாட்டை நம்பி வாழ்ந்த மாசாய் மக்களும் பட்டினியில் செத்தார்கள். அந்த வைரஸ் காட்டு விலங்குகளிலும் பரவி, வருஷா வருஷம் வில்டபீஸ்ட் கன்றுகளை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சுற்றியிருந்த மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1960களின் நடுவில் வில்டபீஸ்டிலும் நோய் மறைந்துவிட்டது. 1970களின் முடிவுக்குள் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. யாரும் ஒரு வில்டபீஸ்டுக்குக்கூட ஊசி போடவில்லை! மாட்டுக்குப் போட்ட ஊசியில்தான் இன்று நாம் வாய் பிளந்து பார்க்கிற கூட்டம் உருவானது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, சஃபாரி விளம்பரத்தில் இந்த மாடும் இல்லை, மாட்டை மேய்ச்சவங்களும் இல்லை. "மனிதர் கால்படாத இயற்கை" என்றுதான் விற்கிறார்கள். செரெங்கெட்டி என்ற பெயரே முடிவில்லாச் சமவெளி என்று பொருள்படுகிற மாசாய் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். 1951ல் பூங்கா உருவானது. 1959ல் அங்கே வாழ்ந்த மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு போட்ட குட்டி விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் மைக்கேல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர்கள் எடுத்த செரெங்கெட்டி படம் ஆஸ்கர் வாங்கியது. உலகம் பணம் அனுப்பியதற்கு அந்தப் படம் பெரிய காரணம். அதே சமயம், அந்த நிலத்தில் மாசாய்க்கு இடமில்லை என்ற எண்ணத்தை வெளியூர்க்காரர் மனசில் பதிய வைத்ததும் அதேதான் என்பது என் கருத்து.

வெளியேறியவர்களுக்குக் காட்டப்பட்ட இடம் பக்கத்திலிருக்கும் ங்கொரொங்கொரோ. அதன் ஸ்டேட்டஸைக் கவனிங்க: நேஷனல் பார்க் இல்லை, கன்சர்வேஷன் ஏரியா. அதாவது விலங்கும் வாழலாம், மாசாயும் வாழலாம், மாடும் மேயலாம். 1959ல் போட்ட ஏற்பாடு இது. சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். அதற்குள் அந்தப் பிரபலமான எரிமலைப் பள்ளம், 600 மீட்டர் ஆழம், சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரை. மேலே விளிம்பில் காலையில் பனிமூட்டம், கீழே இறங்கினால் வெயிலில் சிங்கம், யானை, அதிர்ஷ்டம் இருந்தால் கருப்புக் காண்டாமிருகம். ஒரே நாளில் இத்தனையும் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஏற்பாடு வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1970களில் பள்ளத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்றார்கள். 1975ல் பயிர் வைக்கத் தடை, நடுவில் தளர்த்தி மறுபடி தடை. மக்கள்தொகையும் சில ஆயிரத்திலிருந்து லட்சத்தை நெருங்கியது, அரசு முன்வைக்கிற காரணம் அதுதான். 2022லிருந்து மாசாய் குடும்பங்களை அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஹந்தேனி மாவட்டத்தின் ம்சொமேரா என்ற ஊருக்கு மாற்றுகிறார்கள். விருப்பப்பட்டவர்கள்தான் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளி, மருத்துவ வசதியைக் குறைத்துக் குறைத்து எங்களை நகர வைக்கிறார்கள் என்கிறார்கள் அங்கே இருப்பவர்கள். அதே 2022 ஜூனில் செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நட வந்தபோது மோதல் வெடித்தது. ஒரு போலீஸ்காரர் இறந்தார், ஊர்க்காரர்கள் பலர் காயத்தோடு எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள்.

அதனால் என் கேள்வி இதுதான்: நான் நிற்கப்போகிற நிலம் யாருடையது, நான் கொடுக்கிற காசு யாருக்குப் போகிறது? இடத்துப் பெயரின் கடைசி வார்த்தையிலேயே பாதி பதில் இருக்கு. அது ஒரு பெர்மிஷன் செட்டிங் மாதிரி. நேஷனல் பார்க் என்றால் மத்திய அரசு, உள்ளே யாரும் குடியிருக்க முடியாது. கென்யாவில் நேஷனல் ரிசர்வ் என்றால் பெரும்பாலும் உள்ளூர் கவுண்டி அரசு. மாசாய் மாரா ரிசர்வ், நரோக் கவுண்டியுடையது. 2024லிருந்து வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஆமாங்க, ஒரு ஆளுக்கு, ஒரு நாளுக்கு.

மூணாவதா ஒண்ணு இருக்கு, கான்சர்வன்சி. நம்ம ஊர் பேக்கேஜ்களில் இந்தப் பேரே அபூர்வமாகத்தான் வரும். ரிசர்வை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் இருப்பது மாசாய் மக்களின் சொந்தப் பட்டா நிலம். முன்பு கூட்டாக வைத்திருந்த மேய்ச்சல் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பிரிச்சா அடுத்து என்ன? வேலி. வேலி வந்தால் விலங்கு நடக்க முடியாது. பக்கத்து லொய்தா சமவெளியில் கோதுமைப் பண்ணைகள் வந்த பிறகு, கென்யா பக்கமே சுத்துகிற இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் 1970களின் கடைசியிலிருந்து இருபது வருஷத்தில் பெரும்பகுதி அழிந்துபோனது. இந்த அளவுக்கு மோசமான நிலைமையில்தான் நில உரிமையாளர்கள் ஒன்று சேர்ந்து, வேலி போடாமல், சுற்றுலா கேம்ப்களுக்குக் குத்தகை விட ஆரம்பித்தார்கள். மாரா நார்த், ஒலாரே மொட்டொரொகி, நபோய்ஷோ எல்லாம் இப்படி வந்தவை. நபோய்ஷோவில் மட்டும் 500க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள், சுமார் 50,000 ஏக்கர். கேம்பில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாசாமாசம் வாடகை. மாடு மேய்ப்பது நின்றுவிடவில்லை, முறை வைத்துச் சுழற்சியில் மேய்க்கிறார்கள்.

வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆகஸ்டில் நாங்க நாலு பேர் ரிசர்வுக்குள்ள மாரா ஆத்துக்கரையில மூணு மணி நேரம் காத்திருந்தோம். எங்களைச் சுத்தி நாப்பது வண்டிக்கு மேல. கூட்டம் விளிம்புக்கு வரும், தண்ணியைப் பார்க்கும், ஒரு வண்டி முன்னாடி நகரும், அம்புட்டும் திரும்பி ஓடிடும். கடைசி வரை கடக்கவே இல்லை. அடுத்த ரெண்டு நாள் கான்சர்வன்சியில. ஒரு சிறுத்தை மரத்துல தூங்குது, கீழ எங்க வண்டியும் இன்னொண்ணும் மட்டும்தான். ஒரு விலங்குப் பக்கத்துல இத்தனை வண்டிக்கு மேல நிக்கக் கூடாதுன்னு அங்க கணக்கு வெச்சிருக்காங்க. கேம்ப்ல டென்ட் எண்ணிக்கையையும் ஏக்கரை வெச்சுக் கட்டுப்படுத்துறாங்க. ரிசர்வுல முடியாத ராத்திரி டிரைவும், நடந்து போறதும் இங்க உண்டு. எங்க கைடு ஒரு மாசாய் பையன், என் வயசுதான். "இதோ இந்த முள்மரத்திலிருந்து அந்த ஓடை வரைக்கும் எங்க அப்பா நிலம்"னு கையைக் காட்டினார். அந்த வாடகையிலதான் தங்கச்சி காலேஜ் படிக்கிறாங்களாம். சிங்கம் ரெண்டு மாட்டை அடிச்ச கதையையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அப்பா மட்டும் இன்னும் சிரிக்கலையாம்.

இதையும் ரோஜாப்பூ மாலை போட்டுக் கொண்டாட நான் தயாரில்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் வாடகையும் அவர்கள் கைக்கே போகிறது. பட்டா இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது, ஆனால் மேய்ச்சல் கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. 2020ல் கொரோனா வந்து விமானம் நின்றதும் பல இடங்களில் வாடகையைக் குறைக்க வேண்டி வந்தது. ஒரே வருமானத்தை நம்பின சிஸ்டத்துக்கு பேக்கப் இல்லை. இருந்தாலும், வேலி வருவதைத் தடுக்கிற ஏற்பாடாக அங்கே இன்று நடைமுறையில் இருப்பதில் இதுதான் தேவலை. கென்யாவின் காட்டு விலங்குகளில் பாதிக்கு மேல் பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கின்றன என்பதை மறந்துடாதீங்க. அம்போசெலியில் கிளிமஞ்சாரோவைப் பின்னாடி வைத்து யானை போட்டோ எடுக்கிறோமே, அந்தப் பூங்கா வெறும் 392 சதுர கிலோமீட்டர். யானைகள் சுற்றியிருக்கும் மாசாய் நிலங்களுக்குள் போய் வந்தால்தான் பிழைக்கும்.

கொரில்லா பத்தித் தனி எபிசோடே பண்ணணும், இங்கே சுருக்கமா: உகாண்டாவின் ப்விண்டியில் பெர்மிட் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. எட்டுப் பேர், ஒரு மணி நேரம். மலைக் கொரில்லா எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி ஏறுவதற்கு அந்தப் பணம் முக்கிய காரணம். 1991ல் ப்விண்டி பூங்காவானபோது அந்தக் காட்டிலேயே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டதும் அதே கதையின் பகுதி.

சரி, நீங்க போறதா இருந்தா? ஆற்றுக் கிராசிங்கைத் துரத்தாதீங்க. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி எல்லாம் வருஷம் பூரா அங்கேயேதான் இருக்கு. பிப்ரவரியில் என்டுட்டு போனால் கன்றுகளும் அதைத் தேடி வருகிற சிவிங்கிப்புலியும் பார்க்கலாம். மாரா என்றால் ஜூன், கட்டணம் பாதி. ஏப்ரல், மே விலை இன்னும் குறையும், ஆனா அங்கே நல்ல கரிசல் மண், மழையில் வண்டி மாட்டினா தள்ள ரெடியா இருக்கணும். கான்சர்வன்சி கேம்ப் ரேட்டைக் கேட்டா முதல்ல தலை சுத்தும். ஐந்து நாள் ரிசர்வில் இருப்பதைவிட மூன்று நாளாகச் சுருக்கி அதில் இரண்டை இங்கே வைப்பது என் சாய்ஸ். புக் பண்றவங்ககிட்ட மூணு விஷயம் எழுத்தில் கேளுங்க: கேம்ப் இருக்கிற நிலம் யாருடையது, கான்சர்வன்சி கட்டணம் விலைக்குள்ள இருக்கா, கைடு உள்ளூர்க்காரரா. பதில் சொல்லத் தயங்கினா அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா, உகாண்டா போய்ட்டு இந்தியா திரும்பும்போது அந்த சர்டிபிகேட் கேட்பாங்க, இல்லைன்னா ஆறு நாள் வரை தனியா உட்கார வெச்சிடலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுறாங்க. பாஸ்போர்ட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க. ஒருமுறை போட்டா ஆயுசுக்கும் செல்லும், அதனால அந்த மஞ்சள் புக்கைத் தொலைச்சிடாதீங்க.