தீண்டிப் பழகிய பூச்சியும் வளர்சிதை மாற்றமும்

முன்னுரை

‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்பது நம் பழமொழி. ஒன்றையே மீண்டும் மீண்டும் நுகர்வோர்க்கு அதன் சுவை மங்கிவிடுகிறது. சுவைக்கு மட்டுமன்றி அச்சத்திற்கும் இது பொருந்தும். மாந்தரிடம் காணும் இவ்வியல்பு, மிகச் சிறிய நரம்பு மண்டலத்தை உடைய பூச்சிகளிடமும் உண்டு. கைகளால் தீண்டப்படுவதற்குப் பழகும்போது பூச்சியின் உடலில் நிகழ்வதையும், அறிவியல் அளவீட்டிற்கு அஃது இன்றியமையாததாவதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வளர்சிதை மாற்றம்

உயிர்கள் உணவைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அவ்வாற்றலால் தம் உடற்பொருள்களை ஆக்கிக்கொள்கின்றன. ஆக்கமும் சிதைவுமாகிய இவ்விரு செயல்களையும் ‘வளர்சிதை மாற்றம்’ என்னும் கலைச்சொல் ஒருங்கே உணர்த்துகிறது. ‘வளர்’, ‘சிதை’ என்னும் இரு வினையடிகளும் அச்சொல்லில் இணைந்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் இரு பக்கங்களிலும் உள்ள மூச்சுத் துளைகளின் வழியே புகும் காற்று, நுண்குழல்களால் திசுக்களை அடைகிறது. பூச்சியை ஒரு கலத்தில் இட்டு, அஃது உட்கொள்ளும் ஆக்சிஜனையோ வெளியிடும் கரியமில வாயுவையோ அளந்து வளர்சிதை மாற்ற வேகத்தைக் கணிப்பர்.

தீண்டலின் விளைவு

கலத்தில் இடுதற்குப் பூச்சியை முதலில் பிடித்தாக வேண்டும். சிக்கல் இங்குதான் தோன்றுகிறது. பிடிபட்ட பூச்சி தப்பிக்க முயல்கிறது, கால்களை உதறுகிறது. வெட்டுக்கிளி, கரப்பான் ஆகியவற்றை இவ்வாறு அலைக்கழித்தால் அவற்றின் குருதிநீரில் ஆக்டோபமைன் என்னும் பொருள் மிகுகிறது. முதுகெலும்பு உயிர்களில் நார் அட்ரினலின் ஆற்றும் பணியை இது பூச்சிகளில் ஆற்றுகிறது. சேமித்த கொழுப்பும் சர்க்கரையும் எரிபொருளாக வெளிப்பட இது துணைசெய்கிறது. ஆதலின் பிடித்த உடனே அளந்தால் நமக்குக் கிடைப்பது ஓய்வின் அளவன்று, கலக்கத்தின் அளவேயாகும்.

பழக்கப்பாடு

தீங்கு செய்யாத தூண்டல் ஒன்று திரும்பத் திரும்ப நிகழுமாயின், அதற்குரிய துலங்கல் படிப்படியாகக் குறையும். இதுவே பழக்கப்பாடு. இதன் இயல்புகளை 1966-இல் தாம்சன், ஸ்பென்சர் ஆகிய இருவரும் தொகுத்துரைத்தனர்.

மடகாஸ்கர் தீவின் சீறும் கரப்பான் இதற்கு நல்ல சான்று. சிறகற்ற இப்பூச்சியைத் தொட்டால், வயிற்றுப் பகுதியின் ஓர் இணை மூச்சுத் துளைகள் வழியே காற்றை வெளியேற்றிச் சீறும். மீண்டும் மீண்டும் கையில் எடுக்க, சீறல் குறைவதை 2004-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பழகியவரிடம் அடங்கிய பூச்சிகளுள் சில, புதியவர் கையில் மீண்டும் சீறின. சீறல் குறைந்தது சோர்வினால் எனின், புதியவரிடமும் அவை சீறியிரா. எனவே அது சோர்வன்று, கற்றல் என்பது பெறப்படும்.

ஆயினும் சீறல் நின்றதனாலேயே உடல் அமைதியுற்றது எனத் துணிதல் ஆகாது. வாய் மூடியிருப்போர் உள்ளமெல்லாம் அமைதியாக இருப்பதில்லை அன்றோ! ஆகவே நடத்தையை நோக்குவதோடு வாயுவையும் அளத்தல் வேண்டும். நாள்தோறும் கையாண்ட பூச்சிகளையும் கையாளாதவற்றையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுதல் முறையாகும். எடையும் உணவும் ஒத்திருத்தல் வேண்டும். வெப்பம் சிறிதும் மாறலாகாது. 10 பாகை செல்சியசு உயர்ந்தாலே வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகுமாதலின், இவற்றுள் ஒன்று பிறழினும் வேறுபாடு பழக்கத்தால் வந்ததா என்பதை நாம் அறிய இயலாது.

முடிவுரை

வெப்பமாகிவரும் உலகில் ஒரு பூச்சிக்கு எவ்வளவு உணவு வேண்டும், பட்டினியை எத்துணை நாள் தாங்கும் என்பனவற்றை ஓய்வுநிலை அளவைக் கொண்டே கணிக்கின்றனர். அஞ்சிய பூச்சியின் அளவை ஓய்வின் அளவாகக் கொண்டால் அக்கணிப்புகள் யாவும் பிழைபடும். துல்லியமான கருவி மட்டும் போதாது; அளக்கப்படும் உயிர் அமைதியுறும்வரை காத்திருக்கும் பொறுமையும் ஆய்வாளர்க்கு வேண்டும். சிற்றுயிரின் கலக்கத்தையும் கணக்கிற் கொள்வதே செம்மையான ஆய்வு எனலாம்.