ஹாஜிகளின் பாதையில் புகை குறையட்டும்

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. 1,300க்கும் மேற்பட்டோர் வஃபாத்தாயினர். பூமியைச் சூடாக்கும் புகையில் நம் வாகனங்களுக்கும் பங்குண்டு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2010இல் தொடங்கிய மஷாயிர் மின்சார இரயில், அரஃபாத், முஸ்தலிஃபா, மினா இடையே ஆயிரக்கணக்கான பேருந்துகளுக்கு ஓய்வளித்தது. 2018இல் வந்த ஹரமைன் இரயில், மக்காவையும் மதீனாவையும் ஏறத்தாழ 450 கி.மீ. பாதையால் இணைக்கிறது.

ஆயினும் அந்நாட்டின் மின்சாரம் இன்றும் பெரும்பாலும் எண்ணெய், எரிவாயுவிலிருந்தே பிறக்கிறது. உலகம் இவ்வாறே நீடித்தால், நம் பேரப்பிள்ளைகளின் ஹஜ் இதனினும் கடும் வெயிலில் அமையும். பாலைவனச் சூரியனே இரயிலை இழுக்க, உலகமும் அவ்வழி திரும்பினால், அவர்களின் சுமை குறையும், இன்ஷா அல்லாஹ்.

வீண்விரயத்தை விலக்கிய மார்க்கம் நம்முடையது. அருகிலுள்ள பள்ளிவாசலுக்கேனும் நடந்தே செல்வோம், அவ்வடிகளுக்கும் நன்மையுண்டன்றோ!