கப்பல் பெட்டியில் முகமூடிக்கு முதலிடம்

ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பெரியவர்கள் அடுத்தவர் கத்தியை இரவல் வாங்க யோசிப்பார்கள். தன் கைக்கு வாகாகத் தீட்டிய கத்தி பட்டையோடு நிற்கும். பழகாத கத்தி மரத்தைக் காயப்படுத்திவிடும். மங்கும் வாளியும் யாருடையதாக இருந்தாலும் பால் ஒன்றுதான்.

அந்தத் தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவிலிருந்து பினாங்குக்கோ போர்ட் கிள்ளானுக்கோ போய் உல்லாசக் கப்பல் ஏறுகிறார்கள். லங்காவியிலும் புக்கெட்டிலும் கரையிறங்கி ஸ்கூபா முக்குளிக்கிறார்கள். எந்தச் சாமானைக் கொண்டுபோவது, எதை வாடகைக்கு எடுப்பது? தாத்தாவின் கணக்கே இதற்கும் போதும். உடம்புக்கென்று அளவானதைக் கையோடு கொண்டுபோங்கள். மற்றதைக் கரையில் வாங்கிக்கொள்ளலாம்.

முகமூடி

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது இதுதான். பட்டையை மாட்டாமல் முகமூடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. மீசைக்காரர்களுக்கு மூக்கின் அடியில் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு மழித்தால் சரியாகிவிடும். கண்ணாடி அணிபவர்கள் தங்கள் பவருக்கேற்ற லென்ஸ் பொருத்திய முகமூடியை ஊரிலேயே செய்துகொள்வது நல்லது.

நீச்சல் கண்ணாடி இதற்கு ஆகாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. மூக்கையும் மூடிய முகமூடி என்றால் மூக்கால் கொஞ்சம் காற்றை விட்டு உள்ளழுத்தத்தைச் சமன்செய்யலாம். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை. கண்ணின் நுண்குழாய்கள் வெடித்து இரத்தம் கட்டிக்கொள்ளும்.

டைவ் கம்ப்யூட்டர்

கடியாரம்போல் கையில் கட்டும் இந்தக் கருவி, உடம்பில் சேர்ந்திருக்கும் நைட்ரஜனைக் கணக்கிட்டுக்கொண்டே வரும். கப்பல் பயணத்தில் துறைமுகத்துக்கு ஒரு முக்குளிப்பு நிலையம் என்று மாறும். நேற்று லங்காவியில் நீங்கள் எவ்வளவு ஆழம் போனீர்கள் என்பது இன்று புக்கெட்டில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது உங்களைப் புது ஆளாக எண்ணிக் கூடுதல் நேரம் கொடுத்துவிடும். அதனால் பயணம் முழுவதும் ஒரே கம்ப்யூட்டர், அதுவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உடையும் சில்லறைச் சாமான்களும்

இந்தக் கடல்களில் தண்ணீர் பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். கை கால் முழுக்க மூடும் மெல்லிய உடை போதும். வெயிலையும் ஜெல்லி மீனின் கொடுக்கையும் அது தடுக்கும். சிலிண்டரிலிருந்து மூச்சுக் காற்றைத் தரும் ரெகுலேட்டரின் வாய்க்கவ்வியைச் சொந்தமாக வைத்துக்கொள்வது சுத்தத்துக்கு நல்லது.

எதை விட்டுவிடலாம்?

சிலிண்டரும் ஈயக் கட்டிகளும் வேண்டவே வேண்டாம். பல கப்பல் நிறுவனங்கள் சிலிண்டரையும் மீன் ஈட்டியையும் ஏற்றுவதில்லை. மிதவைச் சட்டையும் துடுப்புகளும் பெட்டியை அடைத்துக்கொள்ளும். அவற்றை வாடகைக்கு எடுக்கலாம். அலமாரியில் வருடக்கணக்காகப் பழுது பார்க்காமல் கிடந்த சொந்த ரெகுலேட்டரைவிட, நல்ல நிலையம் முறையாகப் பராமரித்த வாடகை ரெகுலேட்டர் பாதுகாப்பானது.

எடையில்லாத சாமான்

புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு அவருடைய ஒப்புதல் கட்டாயம். முக்குளிப்போர் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிக் கேள்விகளே உண்டு. கர்ப்பிணிகள் முக்குளிக்கக் கூடாது.

சளி பிடித்திருந்தால் அன்றைக்குக் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். மூக்கடைப்பு மாத்திரையின் வேகம் ஆழத்தில் தணிந்தால் மேலே வரும்போது காதிலும் நெற்றியிலும் வலி பிடுங்கும். கடல் மயக்க மாத்திரைகள் சில தூக்கத்தைக் கொடுக்கும். அவற்றை விழுங்கிவிட்டு இறங்காதீர்கள். முதல் நாள் இரவு மதுவும் வேண்டாம்.

முடித்த கையோடு கேமரன் மலையா?

சோடா போத்தலைத் திறந்ததும் நுரை பொங்குகிறது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜனும், அழுத்தம் சட்டென்று குறைந்தால் அப்படித்தான் குமிழாகும். விமானம் ஏறினாலும் மலை ஏறினாலும் அழுத்தம் குறையும். ஒரு முறை முக்குளித்தவர் 12 மணி நேரமாவது, பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ஒரு முழு நாள் விடுவது இன்னும் நல்லது.

ஈப்போக்காரர்கள் மறப்பது மலையைத்தான். கப்பலை விட்டு இறங்கியதும் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குக் கார் கிளம்பிவிடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்ட்ராபெரி எங்கும் ஓடிவிடாது. மலைக்கு மறுநாள் போகலாம்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால்

முக்குளித்த 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், தோலில் திட்டுகள், காரணமில்லாத அசதி ஆகியவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நோயாளியைப் படுக்க வைத்து, கிடைத்தால் சுத்த ஆக்சிஜன் கொடுங்கள். கப்பலில் இருந்தால் கப்பல் மருத்துவரிடம் போங்கள். மலேசியக் கரையில் இருந்தால் 999-ஐ அழையுங்கள். அன்று முக்குளித்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

நைட்ரஜன் குமிழால் வரும் இந்த நோய்க்கான சிகிச்சை உயரழுத்த அறையில் நடக்கிறது. அப்படி ஓர் அறை நம் பேராக்கிலேயே, லுமுட் இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். பெட்டியை மூடும் முன், அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி முகமூடியோடு வைத்துவிடுங்கள்.