உங்களுக்குத் தெரியுமா? போட்டியாளர்களே கூடி அமைத்த காவல்

ஜப்பானிலிருந்து அந்நிய தேசங்களுக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்குக் கல்விக்கூடத்தில் இடமும், தங்குவதற்கு ஒரு குடும்பத்தின் வீடும் தேடிக்கொடுக்கும் முகவர்கள், வியாபாரத்தில் ஒருவரோடொருவர் கடும் போட்டியிட்டபோதிலும், 1991-ஆம் ஆண்டிலேயே ஒன்றுகூடி, 'ஜாவோஸ்' என்னும் சங்கத்தை ஸ்தாபித்துக்கொண்டார்கள்.

இந்த ஒற்றுமைக்கு விசேஷ காரணம் உண்டு. பிரயாணச்சீட்டும் விடுதியும் விற்பவர்களைக் கட்டுப்படுத்த அந்நாட்டில் பிரயாணத் தொழிற்சட்டம் இருக்க, வெளிநாட்டுப் பள்ளியில் சேர்த்துவிடும் காரியத்துக்கு மட்டும் தனிச் சட்டமோ உரிமமோ கிடையாது. ஆகையால், மாணவன் முன்கூட்டியே யென் நாணயத்தில் கட்டிய தொகை, கடல் கடந்த பள்ளியின் கணக்கைச் சேரும்வரை, முகவரின் நாணயத்தை நம்பியே இருந்தது. 2008-இல் பெரிய நிறுவனமொன்று நொடித்துப்போனபோது, பணம் கட்டியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திக்குமுக்காடினார்கள். அவ்வனுபவத்தின் பின், 2011-இல், முகவர்களைப் பரிசோதித்துச் சான்று வழங்குவதற்கென்றே தனி அமைப்பொன்று தோன்றிற்று.

சர்வகலாசாலைகளின் அலுவலர்களோ இவ்வாறு ஒன்றுகூடும் விஷயத்தில் முன்னோடிகள். அயல்நாட்டு மாணவரைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்தவர்கள் 1968-இலேயே 'ஜாஃப்சா' என்ற கூட்டமைப்பை நிறுவி, தங்கள் அனுபவங்களைப் பரஸ்பரம் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். கூட்டுமுயற்சி அத்தோடு நிற்கவில்லை: மாணவரை வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்காக 2013-இல் அரசாங்கமும் தனியார் கம்பெனிகளும் கைகோத்து ஆரம்பித்த 'தொபிதாத்தே' இயக்கத்தில், கம்பெனிகளின் நன்கொடையிலிருந்து, திருப்பிச் செலுத்த வேண்டாத உபகாரச் சம்பளம் மாணவருக்குக் கிடைக்கிறது. எங்கே சென்று எதைக் கற்பது என்ற திட்டத்தை வகுக்கும் பொறுப்பு மட்டும் அவர்களுடையதே.