வைக்கோல் கணக்கில் இரு நாடுகள்

முன்னுரை

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நமக்கு வைக்கோல் என்பது பழக்கூடையிலும் மாட்டுத் தொழுவத்திலும் காணும் பொருள். நாள்தோறும் சோறு உண்ணும் நாம், நெல்லைப் பிரித்தெடுத்தபின் எஞ்சியது என்னவாயிற்று என்று வினவுவதில்லை. உலக நாடுகளோ அவ்வினாவை எழுப்பி, விடையை எண்களால் எழுதி, நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு வருகின்றன. அவ்வொப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது, எவ்விடத்தில் வழுக்குகிறது என்பதை இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் நெல் விளைச்சலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயுவின் இயல்பு

அறுவடைக்குப் பின் தாளும் வேரும் மண்ணில் மட்கும்போது, அவற்றிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் உருமாற்றுகின்றன. அம்மாற்றத்தின் இடைவழியில் சிறுபகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. 1772இல் பிரீஸ்ட்லி கண்டறிந்த இவ்வாயுவே பின்னர்ச் சிரிப்பூட்டும் வாயு எனப் பெயர் பெற்றது. வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறாண்டு தங்கும் இது, நூறாண்டுக் கணக்கில் பார்க்கின், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பமூட்ட வல்லது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதிலும் இதற்குப் பங்குண்டு.

கணக்கிடும் முறை

ஒரு நாட்டின் வயல்கள் அனைத்திலும் கருவி வைத்து அளத்தல் இயலாது. ஆதலின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி, விளைச்சலிலிருந்து வாயுவைக் கணிக்கும் வழியைக் கூறுகிறது. அதன்படி, 1,000 கிலோ உலர்ந்த வைக்கோலில் 7 கிலோ தழைச்சத்து உண்டு. அதில் நூற்றில் ஒரு பங்கு, அஃதாவது 70 கிராம், இவ்வாயுவாக மாறும். ஆக்சிசனும் உடன் சேர்வதால் வாயுவின் எடை 110 கிராம் ஆகும். அது 30 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரானது.

நீர் நிற்கும் நெல்வயலுக்கு இவ்விகிதம் பொருந்தாது. அங்கு நூற்றுக்கு 0.3 பங்கே கொள்ளப்படுகிறது. வாயுவும் 33 கிராமாகக் குறைகிறது. நீரடியில் ஆக்சிசன் இன்மையால் உருமாற்றம் முற்றுப்பெற்று, தழைச்சத்து தீங்கற்ற நைட்ரசனாகவே வெளியேறுவது இதற்குக் காரணம். ஆயின் அதே நீரடியில் மட்கும் வைக்கோல் மீத்தேன் வாயுவைப் பெருக்கும் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

மொத்தம் காட்டும் மாயை

2021ஆம் ஆண்டில் இந்தியாவின் நெல் விளைச்சல் ஏறத்தாழ 19.5 கோடி டன். இலங்கையின் விளைச்சல் ஏறத்தாழ 51 இலட்சம் டன். இடைவெளி 38 மடங்கு. வைக்கோலும் அதன் வாயுவும் விளைச்சலைப் பின்பற்றிக் கணிக்கப்படுவதால், இந்தியா பெருங்குற்றவாளியாகவும் இலங்கை மாசற்றதாகவும் தோன்றும். அத்தோற்றம் நிலப்பரப்பையும் மக்கள்தொகையையும் காட்டுகிறதேயன்றி, உழவின் தரத்தைக் காட்டவில்லை.

மற்றொன்றும் காண்போம். 2021இல் இலங்கை அரசு வேதியுரங்களின் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டின் இறுதிக்குள்ளாகவே தடையை விலக்கியது. எனினும் 2022இல் நெல் விளைச்சல் ஏறத்தாழ 34 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. வைக்கோல் குறைந்தது, கணக்கில் வாயுவும் குறைந்தது. அட்டவணையை மட்டும் நோக்குவோர் இதனை முன்னேற்றம் என்பர். அவ்வாண்டில் அரிசிக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்களோ அதனைப் பஞ்சம் என்றே அறிவர்.

கழிவு அன்று

வைக்கோலை மாட்டுக்கோ கூரைக்கோ எடுத்துச் சென்றால் அப்பங்கைக் கழித்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி இடந்தருகிறது. ஆயின் எடுத்துச் சென்ற அளவு தெரியாவிடத்து, யாவும் வயலிலேயே விடப்பட்டதாகக் கொள்ளுமாறு அது பணிக்கிறது. நம் நாட்டுக்கு இவ்விதி பெரிதும் பொருந்தாது.

தமிழ்ச் சொற்களே இதற்குச் சான்று. நெல்லுக்கு வைக்கோல், சோளத்துக்குத் தட்டை, கடலைக்குக் கொடி, கரும்புக்குச் சோகை, பருத்திக்கு மிளார், உளுந்துக்குப் பொட்டு என நம் உழவர் பயிர்தோறும் தனிப்பெயர் இட்டு வழங்கினர். தீவனம், விறகு, கூரை, எரு எனப் பயன்பட்டமையாலேயே இவற்றுக்குப் பெயர்கள் அமைந்தன. பயிர்க்கழிவு என்னும் ஒற்றைச்சொல் அண்மைக்காலத்தது. மாட்டின் வழியே சென்ற வைக்கோல் சாணமாக வேறொரு பத்தியில் கணக்கிடப்படும்; அதனையே வயலிலும் எண்ணினால் ஒன்று இரண்டாகிவிடும். இலங்கையின் வேளாண்மைத் துறையோ வைக்கோலை வயலுக்கே திருப்பியளிக்குமாறு உழவர்க்குப் பரிந்துரைக்கிறது. ஒரே விதியால் இவ்விரு வழக்கங்களையும் அளப்பது முறையாகாது.

எரிப்பது தீர்வாகுமா?

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெற்றாளை எரிப்பதை நாம் அறிவோம். ஒரு டன் எரிந்தால் 70 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு வெளிப்படும் என்பது வழிகாட்டியின் மதிப்பு. உலர்நிலத்தில் விடுவதினும் இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் எரிப்பதால் மண்ணுக்கு உரிய தழைச்சத்து புகையாகிறது, மூச்சு முட்டுகிறது. ஒரு வாயுவை மட்டும் கொண்டு தீர்ப்புரைத்தல் பிழை என்பதற்கு இதுவே தக்க எடுத்துக்காட்டு.

முடிவுரை

இரு நாடுகளை ஒப்பிடுமுன் மூன்றினை வினவல் வேண்டும். ஓர் எக்டேருக்கு எவ்வளவு? ஒரு டன் நெல்லுக்கு எவ்வளவு? வயலில் உண்மையாகவே எஞ்சியது எவ்வளவு? எந்நாடு எவ்வளவு குறைத்தல் வேண்டும் என்று பன்னாட்டு அரங்குகளில் வாதிடுவோர் இத்தகைய அட்டவணைகளையே கையில் கொள்கின்றனர். அவற்றில் ஏறும் பிழை, இறுதியில் உழவன் தலையில் சுமையாக இறங்கும். கடலூரிலோ தஞ்சையிலோ வைக்கோல் எங்குச் செல்கிறது என்பதை ஊர்தோறும் கேட்டுக் குறித்துவர ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. உழவர் மொழி அறிந்த நம் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களில் இப்பணியை மேற்கொள்வாராயின், அது நாட்டுக்கும் தமிழுக்கும் ஒருசேரப் பயன்தரும் என்பது உறுதி.