செல்போன் படுத்தாலும் சேதி போகும்! காரைக்குடிக்கு மேலே பறக்கும் 'தபால்காரர்'

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, பக்கத்து புதுக்கோட்டையில் செல்போன்கள் ஊமையானதை காரைக்குடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது 'ஹாம்' ரேடியோ. ஆனால் கையடக்க கருவியின் அலை கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். நடுவில் வாங்கி அனுப்ப ஓர் ஆள் வேண்டாமா?

அந்த ஆள் வானத்தில் இருக்கிறார்! சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதை இயக்கி வைத்திருக்கும் வேளையில், 145.825 மெகாஹெர்ட்சில் பொட்டலமாக வரும் சேதியை வாங்கி, அப்படியே திருப்பி விடும். காரைக்குடியில் அனுப்பியதை டெல்லியில் படிக்கலாம்.

என்ன சிக்கல் என்றால், நிலையம் எழும்பி மறைய பத்தே நிமிஷம்தான். எல்லாரும் ஒரேயடியாக அனுப்பினால் மோதி, ஒண்ணும் தேறாது. தன் சேதி திரும்பி வந்து திரையில் தெரிந்ததும் மத்தவங்களுக்கு வழிவிடணும். லைசென்சு கட்டாயம், 12 வயசானாலே வாங்கலாம்.