உறைய வைக்கும் விஷம்... உறையாத ரத்தம்! கண்ணாடிவிரியனின் விநோதம்

மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பானைக்குள்ளிருந்து பாம்பை எடுத்து, அதன் விஷத்தை இருளர்கள் சேகரிப்பதையும் பார்த்திருப்பீர்கள். 1978-ல் தொடங்கிய அவர்களின் கூட்டுறவு சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷமும் இங்கிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகிறது.

இவற்றில் கண்ணாடிவிரியன் தனி ரகம். சோதனைக் குழாயில் உள்ள ரத்தத்தில் அதன் விஷத்தைத் துளியூண்டு கலந்தாலே ரத்தம் சட்டென உறைந்துவிடும். ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குக் காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. 1934-ல் இங்கிலாந்து மருத்துவர் மேக்ஃபார்லேன், பார்னெட் என்பவரோடு சேர்ந்து, நீர்த்த விஷக் கரைசலைக் காயத்தின் மேல் வைத்து அந்த ரத்தக்கசிவை நிறுத்திக் காட்டினார். அடிக்கடி கருச்சிதைவு ஆகும் பெண்களுக்குச் செய்யப்படும் ஒரு ரத்தப் பரிசோதனையில் இன்றும் இந்த விஷம் பயன்படுகிறது.

கடிபட்டவருக்கு மட்டும் ஏன் தலைகீழ்? உடம்புக்குள் போன விஷம், உறைதலுக்குத் தேவையான புரதங்களை ஒரேயடியாகத் தூண்டிச் செலவழித்துவிடுகிறது. கையிருப்பு காலி! அப்புறம் ஈறில், சிறுநீரில் என்று ரத்தம் கசியும்.

மருத்துவமனையில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் சரிப்படாது. சாய்க்கும்போது தண்ணீராக ஓடினால், உடனே விஷமுறிவு மருந்து.

கடிவாயை பிளேடால் கீறிவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே... அந்தக் கீறலில் வரும் ரத்தமும் நிற்காது.